அண்ணன் மகள் பரோல் போர்டில் சேரப் போகிறாளாம். நம்ம ஊரில் இந்த வேலையை யார் பார்க்கிறார்கள்?

பாளை டீச்சர்:

எல்லாருக்கும் வணக்கம். சட்டம் தெரிந்தவர்கள், சிறைத் துறையில் இருந்தவர்கள் யாராவது இருந்தால் பதில் சொல்லுங்கள்.

என் அண்ணன் மகள் இங்கிலாந்தில் லீட்ஸ் பக்கம் இருக்கிறாள். மருத்துவமனை நிர்வாகத்தில் வேலை. போன ஞாயிற்றுக்கிழமை போனில், "அத்தை, பரோல் போர்டுக்கு உறுப்பினராக விண்ணப்பம் போட்டிருக்கேன், பகுதிநேரம்தான்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சின்ன வயதில் முழுப்பரீட்சை லீவுக்கு இங்கே வருவாள். கேரம் போர்டில் தம்பி கள்ளாட்டம் ஆடினால்கூட "போகட்டும் அத்தை, சின்னப் பையன்" என்று விட்டுவிடுவாள். அவள் போய், கொலை செய்தவனை வெளியே விடலாமா கூடாதா என்று முடிவு சொல்லப் போகிறாளாம்.

"நீ சட்டம் படிக்கலையேட்டி" என்றேன். தேவையில்லையாம். அந்த போர்டில் நீதிபதிகள், மனநல மருத்துவர்கள், உளவியலாளர்கள் இருப்பார்களாம். அவர்களோடு எந்தத் துறையிலிருந்தும் வருகிற சாதாரண ஆட்களும் உண்டாம். விளம்பரம் வரும், விண்ணப்பம் போட வேண்டும், நேர்காணல், அப்புறம் பயிற்சி. சம்பளம் கிடையாது, பார்த்த வேலைக்குக் கட்டணம்.

பாளையங்கோட்டையில் 31 வருடம் கணக்கு டீச்சராக இருந்தேன். ஜெயில் மதிலைப் பார்க்காத நாள் குறைவு. உள்ளே இருப்பவனை எப்போது வெளியே விடலாம் என்று முடிவு செய்பவர் யார் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. இங்கேயும் இப்படிக் குழு உண்டா? என்னை மாதிரி ஆட்கள் அதில் இருக்கிறார்களா?

வண்ணாரப்பேட்டை வக்கீல்:

டீச்சர், நம்ம ஊரில் பரோல் என்பதும் அங்கே பரோல் என்பதும் வேறு வேறு. அதை முதலில் பிரித்துவிடுகிறேன்.

அங்கே பரோல் என்றால், நீதிமன்றம் சொன்ன குறைந்தபட்ச காலம் முடிந்தபிறகு மீதிக் காலத்தை நிபந்தனையோடு வெளியே கழிக்க விடுவது. நம்ம டீக்கடையில் "அவன் பரோல்ல வந்திருக்கான்" என்று சொல்வது சிறை விடுப்பு. தமிழ்நாட்டில் இதற்கு 1982ஆம் ஆண்டின் தண்டனை நிறுத்திவைப்பு விதிகள் உள்ளன. அவசர விடுப்பு, சாதாரண விடுப்பு என்று இரண்டு வகை. அப்பா அம்மா இறந்தது, பெண்டாட்டி பிள்ளைக்கு உடம்பு ரொம்ப முடியவில்லை என்பதெல்லாம் அவசர விடுப்பு. வீடு பழுது பார்க்க, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க, சொத்துப் பாகம் பிரிக்க, விவசாய வேலைக்கு என்று கேட்பது சாதாரண விடுப்பு. அதற்குக் குறைந்தது 3 வருடம் உள்ளே இருந்திருக்க வேண்டும். முடிவு சிறைத் துறை அதிகாரிகள் கையில். வெளியாட்கள் யாரும் கிடையாது.

உங்கள் மருமகள் சேரப் போகும் போர்டுக்குக் கிட்டத்தில் வருவது முன்விடுதலை, அதாவது தண்டனைக் காலம் முடியும் முன்பே விடுவது. ஆயுள் கைதிகளுக்கு அறிவுரைக் கழகம் (அட்வைசரி போர்டு) என்று ஒன்று உண்டு. ஆட்சியர், நீதிபதி, சிறைக் கண்காணிப்பாளர், நன்னடத்தை அலுவலர் ஆகியோருடன் அலுவல் சாராத, அதாவது அரசு அதிகாரிகள் அல்லாத, உறுப்பினர்களும் இருப்பார்கள். ஆனால் அது பரிந்துரைதான் செய்யும், கடைசி வார்த்தை அரசுடையது. கொலை மாதிரி மரண தண்டனைக்கு இடமுள்ள குற்றத்தில் ஆயுள் வாங்கியவர் 14 வருடம் முடிக்காமல் வெளியே வர முடியாது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 433-ஏ பிரிவு, அதற்குப் பதில் வந்த இப்போதைய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 475.

இதற்கும் ஒரு புறவாசல் உண்டு. அரசியல் சட்டத்தின் 161வது பிரிவில் ஆளுநருக்கு இருக்கும் மன்னிப்பு அதிகாரத்தை அந்த 14 வருடக் கணக்கு கட்டுப்படுத்தாது. 2008ல் அண்ணா நூற்றாண்டுக்கு 7 வருடம் முடித்த ஆயுள் கைதிகள் 1,405 பேரை விட்டது அப்படித்தான். 2018ல் எம்.ஜி.ஆர். நூற்றாண்டுக்கு 10 வருடக் கணக்கு. உள்ளே இருப்பவர்கள் தலைவர்களின் பிறந்தநாளை எண்ணிக்கொண்டிருப்பது சும்மா இல்லை.

குறுக்குத்துறைவாசி:

அட்வைசரி போர்டு என்றால் குண்டாஸ் போட்டால் சென்னைக்குக் கூட்டிப் போவார்களே, அதுதானே? எங்கள் தெருப் பையன் ஒருத்தனை அப்படிக் கூட்டிப் போனார்கள்.

வண்ணாரப்பேட்டை வக்கீல்:

இல்லை தம்பி. பெயர்தான் ஒன்று. அது தண்டனை விதிக்காமல் தடுப்புக் காவலில் வைத்தவர்களுக்கான குழு, அடைத்தது சரியா என்று பார்க்கும். இது தண்டனை அனுபவிப்பவரை முன்கூட்டியே விடலாமா என்று பார்க்கும்.

பழைய ரைட்டர்:

நான் சிறைத் துறை அலுவலகத்தில் கோப்பு பார்த்து ஓய்வு பெற்றவன். எந்தச் சிறை என்று கேட்காதீர்கள். வக்கீல் அண்ணாச்சி சட்டத்தைச் சொல்லிவிட்டார். பேப்பர் எப்படி நடக்கிறது என்று நான் சொல்கிறேன்.

விடுப்பு கேட்டு மனு வந்தால் இரண்டு அறிக்கை வர வேண்டும். ஒன்று அந்த ஊர் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து, இன்னொன்று நன்னடத்தை அலுவலரிடமிருந்து. நன்னடத்தை அலுவலர் ஊருக்குப் போவார். வீட்டில் யார் இருக்கிறார்கள், யார் பொறுப்பேற்பார்கள், பாதிக்கப்பட்ட குடும்பம் எங்கே இருக்கிறது, ஊரில் என்ன சொல்கிறார்கள் என்று எழுதுவார். நல்ல ஆளாக இருந்தால் நாலு பக்கம் வரும். ஒருவர் வீட்டு வாசலில் எத்தனை ஆடு கட்டியிருந்தது என்றுகூட எழுதியிருந்தார். எனக்கு அது பிடிக்கும். ஆடு இருந்தால் மேய்க்க ஆள் வேண்டும், வந்தவன் சும்மா இருக்க மாட்டான்.

ஸ்டேஷன் அறிக்கை ஒரே வரியில் வரும். "மேற்படி சிறைவாசி ஊருக்குள் வந்தால் சட்டம் ஒழுங்கு பிரச்சினை ஏற்பட வாய்ப்புள்ளது." வருடா வருடம் இதே வரி. பெயரும் நம்பரும் மட்டும் மாறும். ஒரு தடவை இரண்டு அறிக்கையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சிறைவாசியின் குடும்பம் அந்த ஊரைக் காலி செய்து வள்ளியூர்ப் பக்கம் போய் ஆறு வருடம் ஆகிவிட்டது என்று நன்னடத்தை அலுவலர் எழுதியிருக்கிறார். ஸ்டேஷன் அறிக்கையோ பழைய ஊரில் பிரச்சினை வரும் என்கிறது. அவன் போகவே போகாத ஊரில்! மனு தள்ளுபடி ஆனது அந்த ஒரு வரியால்.

அந்த ஏட்டையாவையும் குற்றம் சொல்ல முடியாது. நம்ம பக்கம் நிலைமை தெரியும்தானே. ஒரு கொலைக்கு இன்னொரு கொலை என்று வருடக்கணக்கில் கணக்கு வைத்திருக்கும் ஊர்கள் உண்டு. சாதியும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம். வேண்டாம் என்று எழுதினவனை யாரும் கூப்பிட்டு ஏன் என்று கேட்க மாட்டார்கள். சரி என்று எழுதினவன் அத்தனை நாளும் போன் அடித்தால் பதறி எழுந்திருப்பான்.

இன்னொன்று. கோப்பைப் பார்த்து முடிவெடுக்கும் அதிகாரி அந்த ஆளை உட்காரவைத்துப் பேசுவது ரொம்ப அபூர்வம். டீச்சர் மருமகள் சேரும் இடத்தில் எப்படி என்று தெரிந்துகொள்ள ஆசை.

லீட்ஸ்காரி:

அத்தை என்னை இங்கே மாட்டிவிட்டுவிட்டார்கள். நான் இன்னும் உறுப்பினர் ஆகவில்லை, விண்ணப்பம் போட்டவள்தான். படித்ததையும் விசாரித்ததையும் வைத்துச் சொல்கிறேன். நான் சொல்வது இங்கிலாந்து, வேல்ஸ் பற்றி மட்டும். ஸ்காட்லாந்துக்கு வேறு போர்டு.

இது 1967ஆம் ஆண்டுச் சட்டத்தில் தொடங்கியது. முதலில் ஒரு உறுப்பினர் கோப்பை மட்டும் படித்துப் பார்ப்பார். அதிலேயே முடிவு சொல்லலாம், இல்லை நேர் விசாரணைக்கு அனுப்பலாம். விசாரணை என்றால் ஒருவர் முதல் மூன்று பேர் வரை உட்காருவார்கள். கைதி பேசுவார். அவருடைய வக்கீல், சிறையில் அவரைப் பார்த்துக்கொள்ளும் அலுவலர், வெளியே வந்தால் கண்காணிக்கப் போகும் அலுவலர், தேவைப்பட்டால் உளவியலாளர் எல்லாரையும் கேள்வி கேட்பார்கள். கொரோனாவுக்குப் பிறகு பெரும்பாலும் வீடியோவில்தான். நியாயமாக முடிவெடுக்க நேர் விசாரணை தேவைப்பட்டால் அதை வைத்தே ஆக வேண்டும் என்று 2013ல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில் அழுத்திச் சொன்னது. அதன்பிறகு நேர் விசாரணைகள் மளமளவென்று கூடிவிட்டன. ரைட்டர் மாமா கேட்டதற்கு இதுதான் பதில்.

கோப்பு பல நூறு பக்கம் வருமாம். வேலையில் பாதி வாசிப்பதுதான் என்கிறார்கள். முடிவை 14 நாளுக்குள் காரணத்தோடு எழுதித் தர வேண்டும்.

எனக்கு மனசில் நின்றது ஒன்றுதான். "செய்ததற்கு இவ்வளவு நாள் உள்ளே இருந்தது போதுமா" என்பது அந்தக் குழுவின் கேள்வியே இல்லை. அதைத் தண்டனை கொடுத்த நீதிபதி அன்றைக்கே சொல்லிவிட்டார். மக்களைப் பாதுகாக்க இவரை இன்னும் உள்ளே வைத்திருப்பது அவசியமா என்பது மட்டும்தான் கேள்வி. நான் படித்தவரை, பார்க்கிறவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்குத்தான் விடுதலை. வெளியே விட்டவர்களில் மறுபடி பெரிய குற்றம் செய்பவர்கள் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு.

கொக்கிரகுளம்:

ஆமா, வெள்ளைக்காரன் ஊரில் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். 1908ல் இதே திருநெல்வேலிக் கோர்ட்டில் வ.உ.சி.க்கு இரண்டு ஆயுள், 40 வருடம் தீவாந்தரம் கொடுத்தவனும் அவன்தான் வே.

லீட்ஸ்காரி:

சரியாகத்தான் இருக்கும் என்று நான் சொல்லவே இல்லை அண்ணாச்சி. லண்டன் டாக்சி டிரைவர் ஒருவர், பல பெண்களுக்குப் பாலியல் கொடுமை செய்தவர். அவரை விடலாம் என்று 2017 கடைசியில் இதே போர்டு முடிவு செய்தது. பாதிக்கப்பட்ட பெண்களே 2018ல் கோர்ட்டுக்குப் போய் அந்த முடிவை ரத்து செய்ய வைத்தார்கள். போர்டின் தலைவர் பதவி விலகினார். அதற்குப் பிறகுதான் முடிவின் சுருக்கத்தைப் பாதிக்கப்பட்டவர்களுக்குத் தருவது, 2019 முதல் முடிவை மறுபரிசீலனை செய்யக் கேட்பது எல்லாம் வந்தது. நேர்காணலில் இதைப் பற்றிக் கேட்பார்கள் என்று பயந்துகொண்டுதான் இருக்கிறேன்.

களக்காட்டுத் தங்கச்சி:

எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாளாக யோசித்தேன். என் அண்ணன் ஆயுள் கைதி. 2013ல் உள்ளே போனான். செய்தது தப்புதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

அம்மா பேரில் மனு போட்டோம். வீட்டுக் கூரையை மாற்ற வேண்டும், பிசான நெல் நடவு இருக்கிறது என்று காரணம். நிராகரித்தார்கள். அதே "சட்டம் ஒழுங்கு" வரிதான். ஐகோர்ட் மதுரைக் கிளைக்குப் போய்த்தான் விடுப்பு வாங்கினோம். வக்கீல் பீஸுக்கு என் கம்மல் போனது.

வந்தான். தினமும் ஸ்டேஷனில் கையெழுத்து. காலையில் குளித்து சட்டை போட்டு அரை மணி நேரம் முன்னாலேயே போய் நிற்பான். முதல் நாள் பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் டீ குடித்துவிட்டு மேஜையில் பத்து ரூபாய் வைத்துவிட்டு மிச்சத்துக்கு நின்றிருக்கிறான். கடைக்காரர் "இன்னும் ரெண்டு ரூவா" என்றதும் கையில் வேறு காசு இல்லை. "ஸ்கேன் பண்ணுங்க" என்று அட்டையைக் காட்டியிருக்கிறார். அட்டையைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தானாம். பக்கத்தில் நின்ற காலேஜ் பையன்தான் ரெண்டு ரூபாய் கொடுத்தான். அன்றையிலிருந்து கடைப்பக்கம் போகவில்லை. வயலும் வீடும்தான்.

எங்களுக்கு யாரும் சொல்லாத ஒன்று, அந்த நாட்கள் தண்டனைக் கணக்கில் சேராதாம். 14 வருடத்தை எண்ணிக்கொண்டிருக்கும் அம்மாவுக்கு நான் இன்னும் அதைச் சொல்லவில்லை.

வண்ணாரப்பேட்டை வக்கீல்:

உண்மைதான் தங்கச்சி. கோவா வழக்கு ஒன்றில் 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. பரோலில் வெளியே இருந்த நாட்களை 14 வருட உண்மைச் சிறைவாசத்தில் சேர்க்க முடியாது. ஆனால் ஒரு நல்ல செய்தியும் உண்டு. 2025 பிப்ரவரியில் வந்த தீர்ப்புப்படி, முன்விடுதலைக் கொள்கை வைத்திருக்கும் மாநிலத்தில் தகுதி வந்தவரின் பெயரை, அவர் மனு போடாவிட்டாலும், அரசே எடுத்துப் பரிசீலிக்க வேண்டும். உங்கள் அண்ணனுக்குக் காலம் வரும்போது இதைச் சொல்லிக் கேளுங்கள். இந்தத் தடவை கம்மலைக் கழற்ற வேண்டியதில்லை.

நம்பியாற்றங்கரை:

எல்லாரும் உள்ளே இருப்பவரைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் மறுபக்கம்.

என் சித்தப்பாவை வெட்டினார்கள். வாய்க்கால் தண்ணீர் தகராறு. மூன்று பேருக்கு ஆயுள். ஒரு நாள் காலையில் சித்தி ஆஸ்பத்திரிக்குப் போக பஸ் ஸ்டாண்டில் நிற்கிறாள். எதிரில் பழக்கடையில் ஒருத்தன் கோழிக்கூடு வாழைப்பழம் வாங்கிக்கொண்டிருக்கிறான். திரும்பினால் அவன். மூன்று பேரில் ஒருத்தன். விடுப்பில் வந்திருக்கிறான். எங்களுக்கு ஒரு வார்த்தை யாரும் சொல்லவில்லை. பாதிக்கப்பட்ட குடும்பத்தை விசாரிப்பார்கள் என்று ரைட்டர் ஐயா எழுதியிருக்கிறார், எங்கள் வீட்டு வாசலுக்கு யாரும் வரவில்லை. சித்தி ஆஸ்பத்திரிக்குப் போகாமல் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியவள்தான். அந்த வருடம் கோயில் கொடைக்கும் வரவில்லை.

அவன் வரவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அவனுக்கும் வீடு இருக்கிறது. வருகிறான் என்று முந்தின நாள் சொல்லியிருந்தால் சித்தியை நான் ஆஸ்பத்திரிக்கு பைக்கில் கூட்டிப் போயிருப்பேன். அவ்வளவுதான்.

அந்தத் தங்கச்சி லீட்ஸிலிருந்து எழுதினது எனக்கு ஒப்பவில்லை. "போதுமா" என்ற கேள்வியே கிடையாதா? சித்திக்கு அந்த ஒரு கேள்விதான் இருக்கிறது.

லீட்ஸ்காரி:

அண்ணே, நீங்கள் சொல்வதை எதிர்த்துப் பேச எனக்குத் தகுதி இல்லை. அங்கே என்ன உண்டு என்று மட்டும் சொல்கிறேன். சித்தி போன்றவர்கள் தங்களுக்கு என்ன ஆனது என்று எழுதித் தரலாம், விசாரணையில் வாசிக்கவும் செய்யலாம். அவர்களோடு தொடர்பில் இருக்க ஓர் அலுவலர் இருப்பார். இன்ன பகுதிக்குள் காலடி வைக்கக் கூடாது என்று நிபந்தனை போடச் சொல்லிக் கேட்கலாம், வரைபடத்தில் கோடு போட்டே கொடுப்பார்கள்.

பழைய ரைட்டர்:

கோடு போடலாம் மருமகளே. நம்ம ஊரில் எங்கே போடுவது? ஒரே பஸ் ஸ்டாண்ட், ஒரே ரேஷன் கடை, ஒரே வாய்க்கால். கோட்டுக்கு வெளியே நிற்கச் சொன்னால் அவன் வயலே கோட்டுக்குள் இருக்கும்.

வண்ணாரப்பேட்டை வக்கீல்:

நம்பியாற்றங்கரைக்குச் சொல்கிறேன். இங்கே நீதிபதி ஆயுள் என்று எழுதினால் பெரும்பாலும் எத்தனை வருடம் என்று எழுதமாட்டார். அதனால் "போதுமா", "ஆபத்தா" இரண்டு கேள்வியும் கடைசியில் ஒரே மேஜையில் வந்து விழுகின்றன. 2000ல் லட்சுமண் நஸ்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஐந்து விஷயம் பார்க்கச் சொன்னது. சமூகத்தைப் பாதிக்காத தனிப்பட்ட குற்றமா, மறுபடி நடக்க வாய்ப்பு உண்டா, குற்றம் செய்யும் திறனை இழந்துவிட்டாரா, இன்னும் வைத்திருப்பதில் பயன் உண்டா, குடும்பத்தின் நிலை என்ன. இந்த ஐந்தில் கைதியின் குடும்பம் இருக்கிறது, சித்தியின் குடும்பம் இல்லை. கவனித்தீர்களா?

நீங்கள் சிறைக் கண்காணிப்பாளருக்கும் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கும் எழுத்தில் மனு கொடுத்து வையுங்கள். விடுப்பு பரிசீலனைக்கு வந்தால் எங்களையும் விசாரிக்க வேண்டும், வருவதை முன்கூட்டிச் சொல்ல வேண்டும் என்று. பதிவுத் தபாலில் அனுப்புங்கள், ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். எழுத உதவி வேண்டுமானால் நான் இருக்கிறேன்.

பாளை டீச்சர்:

இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. வக்கீல் தம்பி, அலுவல் சாராத உறுப்பினர் என்றீர்களே, அதற்கு விண்ணப்பம் உண்டா?

வண்ணாரப்பேட்டை வக்கீல்:

மருமகள் போட்ட மாதிரி விளம்பரம் பார்த்துப் போடுவது கிடையாது டீச்சர், அரசு நியமிப்பதுதான். அங்கேதான் சிக்கலும். குஜராத்தில் பில்கிஸ் பானு வழக்குக் குற்றவாளிகள் 11 பேரை விடப் பரிந்துரைத்த சிறை ஆலோசனைக் குழுவில் ஆளுங்கட்சி எம்.எல்.ஏ.க்களும் உட்கார்ந்திருந்தார்கள். 2022 ஆகஸ்ட் 15 அன்று விட்டார்கள். 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. முடிவெடுக்க வேண்டியது மகாராஷ்டிர அரசு, குஜராத்துக்கு அதிகாரமே இல்லை என்பது காரணம். யார் உட்காருகிறார்கள் என்பதில் இருக்கிறது எல்லாம். நம்ம மாநிலத்தில் 2021ல், ஓய்வுபெற்ற நீதிபதி ஆதிநாதன் தலைமையில் ஒரு குழு போட்டு நீண்ட காலம் உள்ளே இருப்பவர்களின் கோப்புகளைப் பார்க்கச் சொன்னார்கள். அது ஒரு தடவைக்கான ஏற்பாடு.

உங்களைப் போன்றவர் வந்தால் நல்லதுதான். வருகிறீர்களா?

பாளை டீச்சர்:

33 மார்க் எடுத்த பிள்ளைக்கு 2 மார்க் போட்டுத் தேற்றிவிடலாமா என்று யோசித்தே எனக்குப் பல ராத்திரி தூக்கம் போயிருக்கிறது. சும்மா கேட்டேன் தம்பி.

மருமகளுக்கு அடுத்த மாதம் நேர்காணல். இந்த இழையை முழுக்கப் படித்துவிட்டாளாம். பழக்கடை விஷயத்தைப் படித்துவிட்டு ராத்திரி எனக்குப் போன் செய்தாள், ரொம்ப நேரம் பேசவில்லை.

களக்காட்டுத் தங்கச்சி:

நம்பியாற்றங்கரை அண்ணே, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். சித்தி பஸ் ஸ்டாண்டில் பார்த்தது எந்த வருடம்?

நம்பியாற்றங்கரை:

2019. ஆடி மாதம். ஏன்?

களக்காட்டுத் தங்கச்சி:

ஒன்றுமில்லை அண்ணே. அப்போது அண்ணன் உள்ளேதான் இருந்தான்.